பெயர் வெட்டிய விளக்கு

போன வாரம் தென்காசியில் ஒரு பாத்திரக் கடையில் அசடு வழிந்துவிட்டு வந்தேன். எண்பதைத் தாண்டிய பிறகும் அசடு வழிய இடம் மிச்சமிருக்கிறது பாருங்கள், அது ஆண்டவன் கிருபை.

பேரனுக்குப் புதுசாகக் கலியாணம் ஆகியிருக்கிறது. அவன் பெண்டாட்டி எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று வாங்கினாள். பேர் வெட்ட இப்போது உளி கிடையாது, சுத்தியல் கிடையாது. பேனா மாதிரி ஒரு மிஷின். கரண்டில் சொருகினால் கருவண்டு மாதிரி இரைகிறது. "என்ன பேரு போடணும்?" என்றார் மிஷின்காரர். அந்தப் பிள்ளை தன் புருஷன் பெயரைப் பளிச்சென்று சொன்னாள். அடுத்த கடைக்கும் கேட்டிருக்கும்.

நான் சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேரனுக்கு வைத்திருப்பது என் பெயர்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று யாரிடம் போய்ச் சொல்ல? மிஷின் சட்டியில் உரசிய இடத்திலிருந்து லேசாக ஒரு தீய்ந்த வாசனை வந்தது. அந்த வாசனையோடு நான் ஹிட்லர் யுத்தத்துக்கு முந்தி இதே ஊரில் இருந்த வெண்கலக் கடைக்குப் போய்விட்டேன்.

முதலில் என் பெயரின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அது என் பாட்டனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. ஆகவே என்னைப் பெற்றவள் என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பெரியவன்" என்பாள். தங்கைக்கு நான் அண்ணன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைக்கு மட்டும் பெயரைச் சொல்லுவார், மற்ற நேரமெல்லாம் "ஏலே மக்கு". அந்தப் படிப்பும் சீக்கிரம் முடிந்து, வாசுதேவநல்லூர்ச் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்த பிறகு ஊருக்கெல்லாம் நான் அண்ணாச்சி. கலியாணம் ஆயிற்று. வந்தவள் "இங்கேருங்க" என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது "அவுஹ". இப்படியாக என் பெயர், பெட்டிக்கு அடியில் கற்பூரம் போட்டு வைத்த பட்டுவேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒருநாளாவது எடுத்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஒரு ஆசை.

என் தகப்பனார் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரின் முன்பாதிதான் அவர் பெயர். அதனால் என் வீட்டுக்காரிக்கு ஊர்ப் பெயரும் வாயில் வராது. பஸ்ஸில் யாராவது, "எந்த ஊரும்மா?" என்று கேட்டால், "புளியங்குடிக்கு அங்கன" என்பாள். புளியங்குடிக்கு அங்கன சிவகிரியும் இருக்கிறது, மதுரையும் இருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் சிரிப்பாள்.

ஒரு மார்கழியில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டிலோடு சேர்த்து உலுக்கும். வைத்தியர் கையை விரிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போது அவள் தென்காசி உலகம்மனை நினைத்து நேர்ந்துகொண்டாள். அவள் சொன்னது அரை மயக்கத்தில் என் காதில் விழுந்தது: "தாயே, அவுஹ எந்திரிச்சு உக்காந்துட்டாஹன்னா, அவுஹ பேரு போட்டு உன் சன்னதிக்கு ஒரு தூக்குவிளக்கு தாரேன். அவுஹ பேரு விளங்கணும்." பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தவன் அந்த நேரத்திலும் எதை நினைத்தேன் தெரியுமா? பெயரை முழுசாகப் போடுவார்களா, எழுத்து பெரிசாக இருக்குமா என்றுதான். மனுஷ புத்தி.

அம்மை கைவிடவில்லை. பங்குனியில் எழுந்து உட்கார்ந்தேன், சித்திரையில் கடைக்குப் போனேன். ஆடி மாதம் சாரல் கட்டிப் பெய்கிற ஒரு வெள்ளிக்கிழமை விளக்கைக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணி, மகள் உலகம்மாளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மோட்டார் ஏறினோம். மகளுக்கு அப்போது பல் விழுகிற வயசு. ஓயாமல் பேசுவாள்.

காலையிலேயே தென்காசிக் கடைத்தெரு. மலையிலிருந்து இறங்குகிற காற்றில் வேட்டி முன்னால் ஓடும், நாம் பின்னால் ஓடுவோம். அந்தத் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வாசனை. பாய்க்கடையில் ஈரக் கோரை, கடைசல் சொப்பு விற்கிற கடையில் அரக்கு, வெண்கலக் கடையில் புளியும் சாம்பலும். கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். நான் ஒரு வியாபாரி அல்லவா, எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை. கல்சட்டியைத் தட்டினேன், நியாயம். பாயைத் தட்டினேன், பாய்க்கடை ராவுத்தர், "அது என்ன அண்ணாச்சி, பாய்க்குமா காய்ச்சல் வந்திருக்கு?" என்றார். மகளுக்கு வாங்கிய மர அம்மியையும் தட்டிப் பார்த்தேன். அது மரம் மாதிரிதான் சத்தம் போட்டது.

வெண்கலக் கடையில் என் தட்டல் உச்சத்துக்குப் போயிற்று. விளக்குகள் வரிசையாகத் தொங்கின. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், அப்போது அது திருவாங்கூர் சீமை, அங்கே வார்த்து வந்த சரக்கு. நான் விரலை மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போய், ஒன்றில் நிறுத்திக் காதைச் சாய்த்தேன். கணீரென்றது.

"இதுதான் வெண்கலம். மத்ததெல்லாம் என்ன, வெறும் பித்தளை. நாதம் எப்படி நிக்குது பாத்தீங்களா" என்றேன்.

கடைக்காரர் எழுந்து வந்து மரியாதையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, அது நம்ம தராசுத் தட்டு."

என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். முதுகு குலுங்கியது. பிறகு அவளே ஒரு விளக்கைக் காட்டினாள். தட்டவில்லை, தடவிப் பார்க்கவில்லை. "இது அம்மைக்கு நல்லாருக்கும்" என்றாள். அதையே வாங்கினோம்.

கடை முகப்பில் கோணிச்சாக்கு விரித்துப் பேர் வெட்டுகிற ஆசாரி உட்கார்ந்திருந்தார். பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து எழுத்தாக்குகிற வேலை. அவருக்கு முன்னால் யார் வீட்டுச் சீர்வரிசையோ குவிந்து கிடந்தது. "மத்தியானம் கழிஞ்சு ஆகும்" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது. மேற்கே மலை முழுக்க வெள்ளைக் கோடாக அருவி தெரிந்தது. தேகம் தேறியவன், ஆடிச் சாரல், மூன்று மைல் தூரத்தில் குற்றாலம். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டவா?

"ஏட்டி, நீ இங்கனயே இருந்து பேரு வெட்டி வாங்கிரு. நான் அஞ்சருவியில ஒரு முழுக்குப் போட்டுட்டு விளக்கு வைக்கதுக்கு முன்ன வந்திருதேன்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. "பேரை முழுசாப் போடச் சொல்லு. மொட்டையா வேண்டாம். அப்பா பேரு, நம்ம பேரு, ஊரு, எல்லாம் வரணும். கடைசியில உபயம்னு போடணும். மறந்துராத."

"சரி" என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

குதிரை வண்டி பிடித்து ஐந்தருவிக்குப் போனேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஐந்து கிளையில் நடுக் கிளையில் போய் நின்றேன். தலையில் இடி மாதிரி தண்ணீர் விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, விளக்கு விளிம்பில் என் பெயர் எழுத்து எழுத்தாக வளைந்து வருவதை மனசுக்குள் பார்க்கிறேன். முதலில் அப்பா பெயர், பிறகு என் பெயர், பிறகு ஊர். ஆசாரி கேட்பார், அவள் சொல்லுவாள்...

அவள் சொல்லுவாளா?

அருவிக்குள் நின்றுகொண்டே, "ஐயோ!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர் பாறை உருண்டுவிட்டது என்று நினைத்து ஓடினார். நான் அவரையும் தாண்டி ஓடினேன். கலியாணமாகி அத்தனை வருஷம் ஒரு நாளும் என் பெயரைச் சொல்லாதவளிடம், என் பெயரைச் சொல்லி வாங்கி வை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதோடு விட்டேனா, அவள் சொல்லக் கூடாத மாமனார் பெயரையும், அந்தப் பெயர் உள்ள ஊரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மூன்று பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியோடு குளிக்க வந்தவன் நான்.

எண்ணெயும் தண்ணீருமாக வண்டியில் ஏறினேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, துண்டை விட்டுட்டு வந்துட்டீயளா?"

"இல்லய்யா, பேரை விட்டுட்டு வந்துட்டேன். ஓட்டும்."

அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. குதிரையை மட்டும் நன்றாக விரட்டினார்.

கடைக்கு நான் வந்து சேர்ந்தபோது ஆசாரி வீட்டுக்குப் போயாயிற்று. விளக்கை வைக்கோல் சுற்றி மஞ்சள் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"பேரு வெட்டியாச்சா?"

"ஆச்சு."

"நீயா சொன்னே?"

"நான் எங்க சொல்ல? அவரு கேட்டாரு. பொறவு அவருக்கே தெரிஞ்சுபோச்சு."

எனக்கு நெஞ்சு விம்மிற்று. தென்காசி ஆசாரிக்கே என் பெயர் தெரிந்திருக்கிறது! கடை வைத்து நாணயமாக நடந்தால் பெயர் எங்கெல்லாம் போகிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். பிரித்துக் காட்டு என்றேன். "நேர்ந்த பொருளு, சன்னதியில வச்சுத்தான் பிரிக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கோயிலுக்குப் போனோம். அந்தக் காலத்தில் அதன் கோபுரம் பிளந்து மொட்டையாக நின்றது. ஆனால் காற்றுக்கு மொட்டைக் கோபுரம் முழுக் கோபுரம் என்று ஏது? வாசலில் நுழைகிறவர்களை நெட்டித் தள்ளும். ஈர வேட்டி படபடக்க, பெரிய உபயதாரர் தோரணையில் நான் முன்னால் போனேன். ஆடி வெள்ளி, அம்மன் சன்னதியில் நல்ல கூட்டம். பட்டர் துணியைப் பிரித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "சாமி, என்ன பேருன்னு கொஞ்சம் உரக்க வாசிங்க" என்றேன்.

பட்டர் விளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"உலகம்மாள் அப்பா உபயம்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. பிறகு பட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்பாளுக்கு அப்பாவா? ஓய், நீர் எந்த அப்பா? இமவானா, தட்சனா? தட்சன்னா தலையைக் கொஞ்சம் பத்திரமாப் பாத்துக்கும்."

சன்னதியே சிரித்தது. கூட்டத்தில் ஒரு கிழவனார், "வழி விடுங்கய்யா, காசிவிசுவநாதருக்கு மாமனாரு வந்திருக்காரு!" என்றார். என் மகள் மட்டும், "எங்கப்பாதான்! உலகம்மா நான்தான்!" என்று குதித்தாள். எனக்கு அந்தக் காற்று அப்படியே என்னைத் தூக்கிக் குற்றாலத்தில் கொண்டு போட்டால் தேவலை என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாதவள். அதுவரைக்கும் என் பெயர்தான் அதில் இருக்கிறது என்று நம்பியிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அவுஹ பேரு இல்லையா சாமி?"

"இல்லையேம்மா."

"பேரு போட்டுத் தாரேன்னுல்ல நேர்ந்தேன். பேரில்லாமக் குடுத்தா நேர்ச்சை எப்படித் தீரும்? திரும்பவும் காய்ச்சல் வந்துட்டா..." கண்ணீர் ஓடுகிறது. நான் அருவியில் நின்று எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் என் உயிரை அல்லவா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்! அப்போதுதான் அது உறைத்தது. சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

"நாளைக்குக் கொண்டுபோய் வேற வெட்டிருவோம்" என்றேன்.

"அம்மை முன்னால வச்சதைத் திருப்பி எடுக்கவா?" என்றாள்.

பட்டர் நல்ல மனுஷர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "வெண்கலத்துல வெட்டினாத்தான் அம்பாளுக்குத் தெரியுமா? வாயால சொன்னாலும் தெரியும். ஆனா நேர்ந்துண்டது யாரோ அவாதான் சொல்லணும். அவர் சொல்லப்படாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்றா சொன்னேன்? எனக்குள்ளே திருவிழாக் கொட்டு. இதோ, சொல்லப் போகிறாள். நேர்ச்சையும் தீரும், என் காதும் குளிரும். அவள் கம்பி அழி பக்கம் போய், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு அம்மனைப் பார்த்துக் குனிந்தாள். நான் பூனை மாதிரி பின்னால் நெருங்கிக் காதை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத் தீபாராதனை மணியை அடித்தார்கள். முரசும் சேர்ந்துகொண்டது. போதாததற்குக் காற்று. அவள் நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் ஆசாரியோடு சண்டை பிடிக்கப் போனேன். அவர் உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நான் என்ன செய்ய அண்ணாச்சி? புருசன் பேரு சொல்லாத பொம்பளையாட்கள் தினமும் வாரவதான். அவுகளுக்குன்னு கேக்க ஒரு முறை இருக்கு. சாமி பேரா, ஊரு பேரா, பாட்டன் பேரான்னு கேப்பேன். பாட்டன் பேருன்னாவ. பாட்டன் யாருன்னேன். எங்க மாமனாருக்கு அப்பான்னாவ. மாமனாரு யாருன்னேன். எங்க ஊருல பாதின்னாவ. ஊரு எதுன்னேன். அது மாமனாரு பேருல்லா, எப்படிச் சொல்லன்னு கேக்காவ! மாடு செக்கைச் சுத்தின மாதிரி அதே இடத்துக்கு வந்து நிக்குது."

"சாமி பேருகளைச் சொல்லிப் பாத்திருக்கலாம்லா?"

"தென்னாட்டுச் சாமி பேரெல்லாம் சொல்லியாச்சு. ஒண்ணுக்கும் தலையை ஆட்டல. கடைசியில உங்க பிள்ளைதான், எங்கப்பாவை எங்கன்னு வந்து நின்னுச்சு. உன் பேரு என்ன தாயின்னேன், உலகம்மான்னுச்சு. அப்ப உலகம்மா அப்பா, அதானம்மான்னேன். ஆமான்னு சந்தோசமா தலையை ஆட்டுனாவ. வெட்டிட்டேன். ஒரு சொல்லு நீங்க சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா? வாய் எங்கவே போச்சு, அருவிக்கா?"

அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது, இனி பெயரை அவரே வெட்டிவிடுவார் என்று இவள் நினைத்திருக்கிறாள். சண்டை பிடிக்கப் போனவன் அவரிடம் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பும்போது மோட்டாரில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "ஆசாரி சாமி பேரெல்லாம் சொன்னாராமே, அதுல என் பேரும் வந்திருக்கும்லா. தலையை ஆட்ட வேண்டியதுதான?"

"சொன்னாரு. நாலு ஆம்பளைய முன்னால உங்க பேரு வந்ததும் எனக்கு வெக்கமாப் போச்சு. குனிஞ்சுக்கிட்டேன்."

"அம்மைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்கிட்டயும் ஒருதரம் சொல்லேன். எனக்குக் கேக்கல."

"நேர்ச்சை தீர்ந்துபோச்சு. இனிமே எதுக்கு?" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு லேசாகக் குலுங்கியது. தராசுத் தட்டைத் தட்டியபோது குலுங்கிய அதே முதுகு.

காய்ச்சல் திரும்ப வரவில்லை. வந்திருந்தால் இன்றைக்கு உங்களிடம் யார் இப்படிக் கதை அளப்பது? சந்தைக்கு வருகிற தென்காசி ஆட்கள் மட்டும் கொஞ்ச காலம் என்னை "இமவான் அண்ணாச்சி" என்றார்கள். சொந்தப் பெயர் வெளியே வராவிட்டாலும் இன்னொரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பிற்பாடு சன்னதியில் கரண்டு விளக்குப் போட்டார்கள். எங்கள் தூக்குவிளக்கை ஒரு வருஷம் பார்த்தேன், அடுத்த வருஷம் அந்தச் சங்கிலி மட்டும் தொங்கியது. அதற்கடுத்த முறை சங்கிலியும் இல்லை. உலகம்மாளுக்குப் பின்னால் பிறந்த மகனுக்கு என் தகப்பனார் பெயர். அவன் பிள்ளைக்கு, அதாவது இந்தப் பேரனுக்கு, என் பெயரை வைத்தபோது, அவள் அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சின்னவுஹ" என்றாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது பாத்திரக் கடைக்கு வருவோம். நான் "என்னம்மா" என்று அசடு வழிந்து, எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு, அந்தப் பிள்ளை இன்னொரு தூக்குச்சட்டியை எடுத்தாள். "ஆச்சி நெனப்பா இதுல ஆச்சி பேரு போடுவோம் தாத்தா. ஆச்சி பேரு என்ன?" என்று கேட்டாள். அவள் வந்தபோது ஆச்சி இல்லை. பாவம், பெயர் தெரியாது.

வாயைத் திறந்தேன்.

நான் அவளை "ஏட்டி" என்று கூப்பிட்டேன். பிள்ளை பிறந்த பிறகு மற்றவர்களிடம் "உலகம்மா அம்மை" என்றேன். அதற்கு மேல் இந்த நாக்குக்குப் பழக்கமில்லை. பெயர் தெரியாமலா? நெஞ்சுக்குள் கணீரென்று நிற்கிறது. வெளியே வரமாட்டேன் என்கிறது. நாலு பேர் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்துகொண்டேன்.

"மறந்துட்டீங்களா தாத்தா?" என்று அந்தப் பிள்ளை பயந்துபோய்க் கேட்டாள்.

"சீக்கிரம் சொல்லுங்க தாத்தா, கரண்டு போயிரும்" என்றார் மிஷின்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் சாமி பேரா, ஊரு பேரா, பாட்டி பேரா என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் இப்போது அந்தத் தெருவில் யாரும் இல்லை. யாருக்கும் அவசியமும் இல்லை.

"உலகம்மாள் அம்மான்னு போடுங்க" என்றேன்.

வண்டு இரைந்தது. இரண்டு தூக்குச்சட்டிகளையும் என் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒன்றில் என் பெயர் இருந்தது, நான் ஆசைப்பட்டபடியே தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, ஊரோடு, முழுசாக. புளியங்குடி தாண்டும் வரைக்கும் நான் மற்றதைத்தான் விரலால் தடவிக்கொண்டு வந்தேன்.